தறி ஏன் நின்று நின்று ஓடுகிறது

தெப்பம் முடிந்த மறுவாரம் திருத்தணி அடிவாரத்தில் போய் நின்றால் தெருவே அகலமாகிவிட்டது போலிருக்கும். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் நெருக்கியடித்த இடத்தில் ஆட்டோக்கள் சும்மா நிற்கும். பூக்கடையில் கால் கூடை கதம்பம் இருந்தால் அதிகம். தேங்காய்க் கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு வாரத்துக்கு முன்பு நடந்த வியாபாரத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் சரிவு. ஆனாலும் யார் முகத்திலும் கலவரம் இருக்காது. கிருத்திகை வரும், போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பூவை அதற்கேற்பக் கொள்முதல் செய்கிறார்கள், கடனை அதற்கேற்ப வாங்கி அடைக்கிறார்கள்.

அங்கிருந்து மேற்கே பேருந்து ஏறினால் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு என்று விசைத்தறி ஊர்கள். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு தறி, ஆறு தறி. பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. தறி ஓடும் ஊரில் சத்தம்தான் நிம்மதி, சத்தம் நின்றால்தான் பயம். அப்படிப்பட்ட ஊரில் எழும் கேள்வி இது: “லுங்கி கட்டுறவங்க கட்டிக்கிட்டுதானே இருக்காங்க? ஒரு மாசம் பாவே வரல. அடுத்த மாசம் ராப்பகலா ஓட்டுங்கறாங்க. ஏன் சார் இப்படி?”

கேள்வி சின்னதாகத்தான் இருக்கிறது. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பொருளியலுக்கு ஐம்பது அறுபது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் அடிவாரத்துப் பூக்கடையையும் கொட்டகைத் தறியையும் பிரித்துக்கொள்வோம். பூக்கடையில் நடப்பது பருவ ஏற்ற இறக்கம். நாள்காட்டியில் எழுதியிருப்பது. புள்ளிவிவரத் துறையினர் இதைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்ப்பார்கள். கழிப்பதும் லேசான வேலையில்லை. தீபாவளி ஓர் ஆண்டு அக்டோபரிலும் மறு ஆண்டு நவம்பரிலும் வந்தால் இரண்டு மாதக் கணக்கும் புரண்டுவிடும். ஆடி மாதத்துக்கு 31 அல்லது 32 நாள். கிருத்திகை நட்சத்திரமோ 27 நாளைக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. அதனால் சில ஆண்டுகளில் ஆடியிலேயே இரண்டு கிருத்திகை விழும். எது பெருவிழா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பூக்கடைக்காரர் கொள்முதலில் இறங்கமாட்டார்.

நாள்காட்டியில் இல்லாதது அதிர்ச்சி. பொருளியலில் இந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: யாரும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதத்தை ஒரே இரவில் முடக்கியது. 2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த ஆடியில் திருத்தணி மலைப்படிகள் காவடி இல்லாமல் கிடந்தன; தமிழகத்தின் பெரிய கோயில்கள் செப்டம்பர் 1 அன்றுதான் பக்தர்களுக்குத் திறந்தன. 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி ஓடியது. நடுவில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி. அது தேதி சொல்லித்தான் வந்தது என்றாலும், கணக்கே எழுதிப் பழகாத சிறு உற்பத்தியாளர்களுக்கு அதுவும் அதிர்ச்சியாகவே வந்து இறங்கியது.

இந்தத் தேதிகளுக்கு இடையில் எத்தனை மாதம் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் எட்டு, அடுத்து முப்பத்துமூன்று, அதற்கடுத்து இருபத்தாறு. தாளம் எதுவும் இல்லை. ஆனால் பொருளாதாரம் அலைபோல ஏறி இறங்குகிறது. அதை வணிகச் சுழற்சி என்கிறோம். தாளமில்லாத அடியிலிருந்து அலை எப்படி வந்தது?

லுங்கியிலிருந்தே தொடங்கலாம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கடைக்காரர் மாதம் 100 லுங்கி விற்கிறார். இரண்டு மாத விற்பனைக்குத் தேவையான சரக்கு, 200 உருப்படி, எப்போதும் கையிருப்பில் வேண்டும் என்பது அவர் வழக்கம். மாதக் கடைசியில் 100 குறைந்திருக்கும். 100 வாங்கி நிரப்புவார். ஏதோ ஓர் அதிர்ச்சி. ஊரில் கையில் காசு குறைகிறது. விற்பனை 100லிருந்து 90 ஆகிறது, இனிமேல் 90தான். பெரிய சரிவில்லை, பத்தில் ஒன்று.

கடைக்காரர் யோசிக்கிறார். மாதம் 90 விற்றால் கையிருப்பு 180 போதும். கையில் இப்போது 110 இருக்கிறது. ஆகவே இந்த மாதம் 70 வாங்கினால் போதும். விற்பனை பத்துக் குறைந்தது. கொள்முதல் முப்பது குறைந்துவிட்டது.

மொத்த வியாபாரி இந்த 70ஐ மட்டும்தான் பார்க்கிறார். கடையில் 90 விற்றது அவருக்குத் தெரியாது. அவரும் இரண்டு மாதச் சரக்கு வைப்பவர். மாதம் 70தான் போகும் போலிருக்கிறது, 140 இருந்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார். 200ல் 70 போக மிச்சம் 130. அவர் நெசவுக்குக் கொடுக்கும் ஆர்டர் வெறும் 10.

அடுத்த மாதம் கடைக்காரர் வழக்கப்படி 90 கேட்கிறார். மொத்த வியாபாரிக்கு இது நல்ல செய்தி! 140ல் 90 போக 50தான் இருக்கிறது, 180 வேண்டும். உடனே 130 ஆர்டர். அதற்கடுத்த மாதம் எல்லாம் அடங்கி 90.

லுங்கி கட்டுகிறவர் பத்தில் ஒரு பங்குதான் குறைத்தார், அதுவும் ஒரே ஒருமுறை. தறிக்கு வந்து சேர்ந்தது 100, 10, 130, 90. பாவே வராத மாதமும், ராப்பகலாக ஓட்டச் சொன்ன மாதமும் இதோ. இடையில் யாரும் ஏமாற்றவில்லை, யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நியாயமாகத்தான் நடந்தார்கள். சரக்கிருப்பு இப்படிப் பொருளாதாரத்தை அலைக்கழிப்பதை 1941ல் லாயிட் மெட்ஸ்லர் என்ற அமெரிக்கர் விரிவாக ஆராய்ந்தார். மந்தநிலை வந்த காலங்கள் பலவற்றின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், உற்பத்திச் சரிவில் பெரிய பங்கு மக்கள் வாங்குவது குறைந்ததால் வந்ததாக இருக்காது. கிடங்கைக் காலி செய்ததால் வந்ததாக இருக்கும்.

ஒரு சங்கிலிக்கு இது சரி. நாட்டுக்கே, உலகுக்கே அலை வருவது ஏன்? இந்தத் தேடலில் நம் மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்தது. மடிந்தவர்கள் பல லட்சம். அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் வணிக நெருக்கடிகளின் தேதிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழப் பத்தரை ஆண்டுக்கு ஒரு நெருக்கடி வருவதாக அவருக்குத் தோன்றியது. சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் காலமும் அதே அளவு என்று அப்போது கருதப்பட்டது. நார்மன் லாக்கியரும் வில்லியம் ஹண்டரும் 1877ல் சென்னையின் மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிகளோடு பொருத்தி எழுதியிருந்தார்கள். ஜெவன்ஸ் சங்கிலியை முடித்தார்: சூரியன் மாறினால் இந்தியாவில் மழை மாறும், மழை பொய்த்தால் தானியம் விலை ஏறும், தானியத்துக்குக் காசு கொடுத்த விவசாயி மான்செஸ்டர் துணியை வாங்கமாட்டான், லங்காஷயர் ஆலைகள் படுக்கும்.

சூரியனில்தான் தாளம் இருக்கிறது என்ற அவர் நம்பிக்கை பொய்த்தது. கரும்புள்ளிச் சுழற்சி சராசரியாகப் பதினோரு ஆண்டு என்று உறுதியானபோது பொருத்தமே கலைந்தது. ஆனால் சங்கிலியின் நடுப்பகுதி எனக்கு இன்றும் வியப்பு. செங்கல்பட்டிலோ வட ஆர்க்காட்டிலோ மழை பெய்யாதது இங்கிலாந்துத் தறியை நிறுத்தக்கூடும் என்று ஒருவர் அன்றே கண்டிருக்கிறார். அதிர்ச்சி ஓரிடத்தில் விழுகிறது, பலன் வேறிடத்தில் தெரிகிறது.

தாளத்தைத் தேடுவதையே நிறுத்தியவர் யூஜின் ஸ்லட்ஸ்கி. மாஸ்கோவில் 1927ல் அவர் செய்த சோதனையை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். அரசாங்க லாட்டரிக் குலுக்கலில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை எழுதி அடுக்கினார். அதில் ஒழுங்கு ஏதும் இருக்க முடியாது. பிறகு அடுத்தடுத்த பத்து இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனார்: ஒன்று முதல் பத்து வரை, இரண்டு முதல் பதினொன்று வரை, இப்படி. கூட்டுத்தொகையைப் படமாக வரைந்தால் அலை! 1855 முதல் 1877 வரையிலான இங்கிலாந்து வணிகச் சுழற்சியின் படத்தை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அண்ணன் தம்பி போலிருந்தன. லாட்டரிக்குப் பதில் தாயக்கட்டையை நூறு முறை உருட்டி எழுதிக்கொண்டாலும் போதும்.

பத்தைக் கூட்டுவது எதற்கு? பூக்காரம்மாவின் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று கொட்டும் மழை, வியாபாரமே இல்லை. அதற்காக இன்று உலை வைக்காமல் இருப்பதில்லை. நேற்றைய காசும் முந்தாநாள் காசும் இன்றைய சோற்றில் கலந்திருக்கின்றன. அதே கணக்கில், இன்றைய நட்டமும் வரும் பத்து நாள் சோற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும். அடி ஒரு கணத்தில் விழுந்து முடிந்துவிடுகிறது, விளைவு நாள்கணக்கில் தங்கிவிடுகிறது. ஒன்றின் மிச்சம் ஆறுவதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து வரும்போது, தாறுமாறான எண்களிலிருந்தும் மேடு பள்ளம் உருவாகிறது.

நார்வேக்காரர் ராக்னர் ஃபிரிஷ் 1933ல் இதற்கு ஓர் உருவம் கொடுத்தார். 1969ல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசை யான் டின்பெர்கனோடு பகிர்ந்துகொண்டவர் அவர். குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையைக் குச்சியால் அடித்தால் குதிரையின் ஆட்டம் குச்சியின் வீச்சைப் போல இருக்காது என்ற உவமையை சுவீடனின் நுட் விக்செலிடமிருந்து எடுத்துக்கொண்டார். நமக்கு ஊஞ்சல் இன்னும் நெருக்கம். கூடத்து ஊஞ்சலை எப்படி இடித்தாலும் அது தன் சங்கிலியின் நீளத்துக்கேற்ற நிதானத்தில்தான் ஆடும். யாரும் தொடாவிட்டால் மெல்ல அடங்கும். போகிற வருகிறவர்கள் தோள் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாளும் அடங்காது. இடிப்பதை அதிர்ச்சி என்றும், இடியை ஆட்டமாக மாற்றுவதைப் பரவல் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றார் ஃபிரிஷ். அவர் அமைத்த கணித மாதிரியைப் பிற்காலத்தில் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள், அது அவர் எண்ணியபடி ஊசலாடாமல் நேரே அடங்கிவிடுவதைக் கண்டார்கள். மாதிரி போனது. அவர் செய்த பிரிவினை மட்டும் இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளமாக நிற்கிறது.

நம்பத்தக்க சோதனை 1959ல் வந்தது. இர்மா அடெல்மன் பொருளியலாளர். அவர் கணவர் ஃபிராங்க் இயற்பியலாளர். அமெரிக்கப் பொருளாதாரத்துக்காக லாரன்ஸ் கிளைனும் ஆர்தர் கோல்ட்பெர்கரும் எழுதியிருந்த மாதிரியை ஐபிஎம் 650 கணினியில் ஏற்றி எதிர்காலத்துக்கு ஓட்டினார்கள். தொடாமல் விட்டால் நேர்கோடு போல ஏறியது, அலையே இல்லை. ஒவ்வொரு காலகட்டத்திலும் சிறு சிறு குருட்டு அதிர்ச்சிகளைச் சேர்த்ததும், உண்மையான அமெரிக்கச் சுழற்சிகளின் நீளத்தோடும் போக்கோடும் ஒத்த அலைகள் எழுந்தன.

இத்தனைக்கும் பிறகு ‘சுழற்சி’ என்ற நம் சொல்லே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. சக்கரம்போல் குறித்த நேரத்தில் திரும்பி வரும் என்ற எண்ணத்தை அது தருகிறது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஒரு வளர்ச்சிக் கட்டம் 1980-81ல் 12 மாதத்தில் முடிந்தது. இன்னொன்று 2009 முதல் 2020 வரை 128 மாதம் நீண்டது. ‘அலைவு’ என்றால் உண்மைக்கு இன்னும் கிட்டே வரும்.

விழுந்த அடி எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வழி, விலையையும் அளவையும் சேர்த்துப் பார்ப்பது. பஞ்சு விலை ஏறிய 2022ல் துணி விலை உயர்ந்தது, விற்பனை குறைந்தது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் அடி உற்பத்திப் பக்கம். வாங்குகிறவர் கையில் காசு இல்லாமல் போனால் விலை, விற்பனை இரண்டும் சேர்ந்தே இறங்கும். அடி தேவைப் பக்கம். ஊரடங்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்தது.

இன்னொரு வழி, அடி பட்ட இடத்தையும் படாத இடத்தையும் அருகருகே வைப்பது. இதற்குத் திருத்தணி வட்டாரமே நல்ல ஆய்வுக்கூடம். ம.பொ.சி. முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதிச் சாலையில் அடுத்துள்ள நகரி அந்தப் பக்கம் தங்கிவிட்டது. அங்கேயும் விசைத்தறி, இங்கேயும் விசைத்தறி. மழை ஒன்று, நூல் சந்தை ஒன்று, பல வீடுகளில் பேச்சும் ஒன்று. மின்கட்டணமும் மாநிலச் சட்டமும் மட்டும் வேறு. சென்னை அரசின் ஒரு முடிவு நெசவாளரை எப்படித் தொட்டது என்று அறிய நகரியைப் பக்கத்தில் வைத்தால் போதும், பொதுவானதெல்லாம் கழிந்துவிடும்.

பணமதிப்பு நீக்கத்தை இந்த முறையில்தான் அளந்தார்கள். கேப்ரியல் சோடோரோ-ரைக், கீதா கோபிநாத் உள்ளிட்ட நால்வர், புது நோட்டு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்பதையும், செயற்கைக்கோளிலிருந்து தெரியும் இரவு வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். புது நோட்டு குறைவாகப் போன மாவட்டங்கள் கூடுதலாக மங்கியிருந்தன. அதிலிருந்து நாடு முழுவதற்கும் கணக்கிட்டபோது, 2016ன் கடைசிக் காலாண்டில் வேலைவாய்ப்பும் உற்பத்தியும் குறைந்தது 2 சதவீதப் புள்ளி சரிந்ததாகத் தெரிந்தது. பாதிப்பு அடுத்த சில மாதங்களில் தணிந்தது என்றும் கண்டார்கள்.

அரசின் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கோ 2016-17க்கு முதலில் 7.1 சதவீத வளர்ச்சி என்றது. 2019 ஜனவரியில் அதை 8.2 என்று திருத்தியது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? அன்று சிறு தொழில்களை ஒவ்வொரு காலாண்டும் நேரில் எண்ண ஆளில்லை. பெரிய நிறுவனங்களின் கணக்கைக் கொண்டு சிறியவையும் அப்படித்தான் போயிருக்கும் என்று பெரும்பாலும் அனுமானித்தார்கள். சாதாரண காலத்தில் இது ஓரளவு சரியாக வரும். சிறியவர்களை மட்டும் அடிக்கும் அதிர்ச்சியின்போது இந்த அனுமானமே அடியை மறைத்துவிடும். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் 23.9 சதவீத வீழ்ச்சி யார் கண்ணிலிருந்தும் தப்பாதது. எனக்கு ஆதங்கம் அதைவிடச் சின்ன, ஆனால் ஒரே இடத்தில் குவிந்து விழும் அடிகளைப் பற்றித்தான்.

ஏனென்றால் ஊஞ்சல் உவமை ஓரிடத்தில் தோற்கிறது. ஊஞ்சல் எவ்வளவு ஆடினாலும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். 10 ஆர்டர் வந்த மாதத்தில் தண்டலுக்குக் கடன் வாங்கியவர் 130 வந்த மாதத்துக் கூலியில் வட்டியைத்தான் கட்டுவார். அந்த ஒரு மாதத்தில் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காவலாளி வேலைக்குப் போனவருக்கு அடுத்த மாத 130 எந்த வகையிலும் உதவாது. பொருளியலில் இதைத் தழும்பு என்பார்கள். அலை அடங்கிய பின்னும் மட்டம் பழைய மட்டத்துக்கு வராது.

தறியின் நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்று ஏற்கெனவே ஒவ்வொரு கொட்டகையிலும் மாட்டியிருக்கிறது. தமிழகத்தில் விசைத்தறிக்கு மின்கட்டண வகையே தனி. 2006ல் தொடங்கிய இலவச மின்சாரம் 2023ல் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் என்று உயர்ந்தது. அதனால் மீட்டரைப் படித்து எழுதுகிறார்கள். தறி ஓடினால்தான் மீட்டர் ஓடும். பாவு வராத நாளை அது மறைக்காது.

ஆனால் படிப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நம் லுங்கிக் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். மீட்டர் பார்க்கிறவர் வரும் முறை ஒரு விதமாக அமைந்தால் 100ம் 10ம் சேர்ந்து 110 என்றும், 130ம் 90ம் சேர்ந்து 220 என்றும் விழும். அலை பளிச்சென்று தெரியும். ஒரு மாதம் தள்ளி வருகிறவராக இருந்தால் 10ம் 130ம் ஒன்றாகி 140 என்று பதிவாகும், அடுத்தது 180. அந்த அட்டையைப் பார்க்கிறவர் வேலை கொஞ்சம் குறைந்து மீண்டது என்பார். தறி நின்றிருந்த முப்பது நாள் அதில் இருக்காது.